பதின்மூன்று வயதில் ஒரு ஸ்ரூடியோ

வீட்டை விட்டு ஓடவேண்டிய வேளை வரும்போது மனிதர் கையில் எடுக்கும் பொருட்கள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பிள்ளைகள், கொஞ்சம் அரிசி, ஒரு பானை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், இருந்தால் நகை. சுவரில் தொங்கும் கலியாணப் படத்தைக் கழற்ற எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அல்பம் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிடும். 1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றில் உறுதி காப்பாற்றப்பட்டது. பேரப்பிள்ளைக்குக் காட்டப் பாட்டனாரின் முகம் மட்டும் மிஞ்சவில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தமது தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே தாய்மார் கையில் ஏந்தியிருந்த படங்களை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவற்றுட் பல, அடையாள அட்டைக்கோ பாடசாலைத் தேவைக்கோ எடுத்த சின்னஞ்சிறு படத்தைப் பெரிதாக்கியவை. அதை எடுத்த படப்பிடிப்பாளருக்கு அது அன்று ஐந்து நிமிட வேலை. கிடைத்ததும் சில ரூபாய்களே. இன்று அந்தத் தாயிடம் இருக்கும் ஒரே முகம் அதுதான்.

இக்கட்டுரை அந்தப் படப்பிடிப்பாளரின் தொழிலைப் பற்றியது. எவரிடமும் சம்பளத்துக்கு நிற்காமல், ஒரு கமராவையும் ஒரு திரைத்துணியையும் முதலாக வைத்து, மனிதரின் முகங்களைப் படமெடுத்துப் பிழைப்பவர் எவ்வாறு வளர்கிறார்? இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. தூரத்து உதாரணமாயினும் எமது வாசகர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. ஏனெனில் அந்த மனிதரும் போரினால் ஊரிழந்த பிள்ளையே.

சப்பாத்துக் கொட்டிலிலிருந்து

சாமுவேல் பொசோ 1962 இல் கமரூன் நாட்டின் கும்பா என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் நைஜீரியாவின் இக்போ இனத்தவர். குழந்தை பிறக்கும்போதே கைகால்கள் ஓரளவு செயலிழந்திருந்தன. பிறந்து சில மாதங்களில் குழந்தையை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய்ப் படம் பிடிப்பது அங்கே வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அந்தப் பணத்தைச் செலவிடுவது வீண் என்று தகப்பன் எண்ணிவிட்டார். ஆகவே அவருக்குக் குழந்தைப் பருவப் படம் கிடையாது. தன்னைத் தானே திரும்பத் திரும்பப் படமெடுத்ததற்கு இதையும் ஒரு காரணமாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். படமெடுக்கத் தகுதியில்லாத பிள்ளை என்று ஒருவரை ஒதுக்கினால் அந்தக் காயம் எவ்வளவு காலம் ஆறாமல் இருக்கும் என்பதை எமது முகாம்களில் அங்கவீனமுற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் யோசித்துப் பார்க்கலாம்.

நைஜீரியாவில் கிராமத்து வைத்தியராக இருந்த பாட்டனார் சிகிச்சை செய்தார். பிள்ளை எழுந்து நடந்தான். அதற்குள் தாய் இறந்துபோனார். 1967 இல் பியாபிராப் போர் தொடங்கியது. நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடு கோரிய இக்போ மக்களின் பிரதேசம் சுற்றிவளைக்கப்பட்டு, உணவு போகும் வழிகள் அடைக்கப்பட்டன. 1970 ஜனவரியில் போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர், குறிப்பாகக் குழந்தைகள், பட்டினியால் மாண்டனர். பாட்டனார் வீட்டாருடன் சிறுவன் சாமுவேலும் காடுகளில் ஒளிந்து உயிர் தப்பியவன்.

போர் முடிந்தபின் மாமன் ஒருவர் அவனைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். 1972 இல் இருவரும் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கிக்கு வந்து சேர்ந்தனர். மாமனின் தொழில் பெண்களுக்கான சப்பாத்துத் தைப்பது. மருமகனும் அதில் கூடமாட நின்றான். பக்கத்தில் ஒரு படப்பிடிப்பாளர் இருந்தார். அவருடைய வேலையைப் பார்த்த பையனுக்குத் தோலும் ஊசியும் கசந்துபோயின. படம் பிடிக்கப் பழகவேண்டும் என்று மாமனிடம் கேட்டான். மாமன் சம்மதித்தார். ஏறக்குறைய ஐந்து மாதப் பயிற்சி. 1975 செப்டெம்பரில் மாமனின் உதவியுடன் சொந்த ஸ்ரூடியோ திறக்கப்பட்டபோது உரிமையாளருக்கு வயது 13.

இந்த வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டியவன் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. போர் அந்தக் கதவை மூடிவிட்ட நிலையில் அவன் வேறொரு கதவைத் தட்டினான் என்பதே இங்கு சொல்லப்படுவது.

ஐந்து மாதத்தில் ஒரு தொழிலைப் பழகிவிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கலியாண வீட்டுப் படமெடுப்பு என்றால் முடியாது. அங்கே வெளிச்சம் மாறும், சனம் தள்ளும், தாலி கட்டும் கணம் திரும்பி வராது. முகப்பட வேலை வேறு. அதே அறை, அதே விளக்கு, அதே திரை, அதே தூரம். ஒருமுறை அளவு சரியாக அமைந்துவிட்டால் அடுத்த நூறு பேருக்கும் அது பொருந்தும். மாறுவது கதிரையில் வந்து அமரும் ஆள் மட்டுமே. ஆகவே கமராவைப் பழகச் சில மாதங்கள் போதுமாக இருக்கலாம். அந்த ஆளைப் பழகத்தான் பல ஆண்டுகள் பிடிக்கும். இத்தொழிலில் வளர்ச்சி என்பதெல்லாம் இந்தப் பக்கத்திலேயே நடக்கிறது என்பது எமது எண்ணம்.

மிஞ்சிய பிலிம்

பொசோவின் ஸ்ரூடியோவுக்கு ஒரு விளம்பர வாசகம் இருந்தது. இங்கே படமெடுத்தால் நீங்கள் அழகாகவும் நாகரிகமாகவும் நளினமாகவும் இருப்பீர்கள், உங்களை எளிதில் அடையாளங் காணவும் முடியும் என்பது அதன் கருத்து. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். கந்தோருக்குக் கொடுக்கும் படத்தில் ஆள் இன்னாரென்று தெரியவேண்டும். உறவினருக்கு அனுப்பும் படத்தில் ஆள் நன்றாக இருக்கவேண்டும். வாடிக்கையாளர் கேட்பது இரண்டையும். ஒன்றை மட்டும் கொடுப்பவர் அரைத் தொழில் செய்கிறார்.

அந்நாட்களில் எல்லாம் பிலிம். சதுரப் படமெடுக்கும் கமராவில் ஒரு 120 சுருளுக்கு 12 படங்கள் விழும். காலையிலிருந்து 8 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் மறுநாளே படத்தைக் கேட்பார்கள். சுருள் முடியும்வரை காத்திருந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆகவே அன்றிரவே சுருளைக் கழுவியாகவேண்டும். மிச்சம் 4 படங்களுக்குரிய இடம் வெறுமையாகப் போகும். பிலிமுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று, மருந்துக்கும் அதே செலவுதான்.

அந்த மிச்சத்தைச் சாமுவேல் வீணாக்கவில்லை. ஆட்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டுத் தானே திரைக்கு முன் நின்றான். சஞ்சிகைகளில் பார்த்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பாணியில் தையற்காரரைக் கொண்டு உடுப்புத் தைப்பித்து அணிந்தான். உயர்ந்த அடிச் சப்பாத்து, இறுக்கமான காற்சட்டை, பெரிய கறுப்புக் கண்ணாடி. பின்னர் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்ட பொகாசாவின் சர்வாதிகார ஆட்சி அங்கு நடந்த காலம் அது. வெளியில் அப்படி உடுத்தித் திரிவது புத்தியான காரியமாக இருந்திராது. மூடிய அறைக்குள் ஒரு பையனுக்குச் சற்றுச் சுதந்திரம் கிடைத்தது.

அந்தப் படங்களிற் சிலவற்றை அவன் நைஜீரியாவிலிருந்த பாட்டிக்கு அனுப்பினான். கைகால் வழங்காத குழந்தையாகத் தம்மிடம் வந்து, போரில் காட்டுக்குள் தூக்கித் திரிந்து, பிறகு கண்காணாத தேசத்துக்குப் போன பேரன் எப்படி இருக்கிறான் என்று அந்தக் கிழவி அறியவேண்டும் அல்லவா? நேராக நிற்கும் கால்களும் இடுப்பில் ஊன்றிய கையும் மடிப்புக் குலையாத உடுப்பும் கடிதத்தில் எழுதமுடியாததைச் சொல்லியிருக்கும்.

தொழிற் பயிற்சி என்ற கோணத்தில் பார்த்தாலும் இந்த இரவு வேலை மிகப் பெறுமதியானது. விளக்கை ஒரு முழம் இந்தப்பக்கம் நகர்த்தினால் மூக்கின் நிழல் எங்கே விழும், நாடியைத் தாழ்த்தினால் கண் எப்படித் தெரியும் என்பதெல்லாம் வாடிக்கையாளரை இருத்திவைத்துப் பரீட்சிக்கக்கூடியவை அல்ல. கதிரையில் இருப்பவருக்கு எப்படிக் கூச்சமாக இருக்கும் என்பதும் தான் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவருக்கே தெரியும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தப் படங்களைப் பற்றி வெளியுலகத்துக்கு ஒன்றும் தெரியாது. 1993 இல் ஆபிரிக்கப் படப்பிடிப்பாளர்களைத் தேடி வந்த பெர்னார் டெக்காம் என்ற பிரெஞ்சுக்காரர் பொசோவின் வேலையைக் கண்டார். 1994 இல் மாலி நாட்டின் தலைநகரான பமாக்கோவில் நடந்த முதலாவது ஆபிரிக்கப் புகைப்படச் சந்திப்பில் அந்தச் சுயபடங்கள் சுவரில் ஏறின. பின்னர் பல நாடுகளில் கண்காட்சிகள் நடந்தன. 2023 இல் இலண்டனில் வழங்கப்படும் டொய்ச்ச போர்ஸ புகைப்பட விருதும் அவருக்குக் கிடைத்தது. புகழைப் பற்றி இவ்வளவு போதும். எமக்கு வேண்டியது அவர் ஸ்ரூடியோ நடத்திய விதம்.

முற்றத்தில் ஒரு படுக்கை விரிப்பு

விளக்கும் அறையும் இல்லாதவர் என்ன செய்வது? இதற்கு விடை அதே பமாக்கோ நகரத்தில் இருக்கிறது. அங்கே செய்டூ கெய்ட்டா என்பவர் 1948 இல் ஸ்ரூடியோ தொடங்கினார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். சிறுவயதிலேயே தச்சுவேலை பழகியவர். 1935 இல் செனகலுக்குப் போய்வந்த சிற்றப்பா ஒரு கொடாக் பிறவுனிக் கமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். புகைப்படப் பொருட்கள் விற்ற கடைக்காரரிடமும், மூத்த படப்பிடிப்பாளரான ஓர் ஆசிரியரிடமும் கேட்டுக் கேட்டே மிகுதியைப் பழகினார். நீண்டகாலம் தச்சுவேலையையும் விடவில்லை. படத்தொழில் தானாகச் சோறு போடும் என்று நிச்சயமான பிறகே ஸ்ரூடியோவைத் திறந்தார்.

அவருடைய ஸ்ரூடியோ என்பது வீட்டு முற்றம். பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே படமெடுத்தார். பின்னால் கட்டிய திரை, தமது கட்டிலில் விரித்திருந்த பூவேலை விரிப்பு. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை திரையை மாற்றுவார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த ஆண்டுக்குரியது என்பதை அந்தத் துணியைப் பார்த்தே கணித்தார்கள். 13 x 18 சென்ரிமீற்றர் அளவுள்ள பெரிய கமரா வைத்திருந்தார். நெகட்டிவைத் தாளின் மேல் நேரே வைத்து அச்சிட்டால் அதே அளவுப் படம் கிடைக்கும், பெரிதாக்கும் கருவி தேவையில்லை. பிலிம் விலை அதிகம் என்பதால் அனேகமாக ஒருவருக்கு ஒரே தடவைதான் எடுப்பார். ஆகவே எடுப்பதற்கு முன் செய்யவேண்டியதெல்லாவற்றையும் செய்துவிடுவார்: ஆளை அமர்த்துவது, தலையைச் சற்றுத் திருப்புவது, சட்டை மடிப்பை நீவிவிடுவது, கையை எங்கே வைப்பதென்று காட்டுவது. ஒரு நொடியில் இருபது படம் எடுத்துத் தள்ளும் இக்காலத்தில் இந்தப் பழக்கம் அருகிவிட்டது. அதனால்தான் இருபதில் ஒன்றும் உருப்படியாக அமைவதில்லை.

சுவரில் மாதிரிப் படங்களை ஒட்டி வைத்திருந்தார். வருபவர் அதைப் பார்த்து, இந்த மாதிரி வேண்டும் என்று விரல் வைப்பார். கோட்டு, கைக்கடிகாரம், பேனை, வானொலிப் பெட்டி ஆகியவை இரவலுக்குத் தயாராக இருந்தன. பின்னாளில் அவர் வாங்கிய கார்கூடச் சிலருடைய படங்களில் இடம்பிடித்தது. இது பொய் வேடம் என்று முகஞ்சுழிப்பவர்கள் இருக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. கலியாணத்துக்கு அயல்வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போடாத ஊர் எது?

ஸ்ரூடியோ புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இருந்தது. வெளியூர்ப் பயணிகளும் வந்தார்கள். இடத்தெரிவு என்பது பாதி வியாபாரம் என்பதை இது காட்டுகிறது. எமது பிரதேசத்தில் அது பிரதேச செயலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ சந்தைக்கோ போகும் பாதையாக இருக்கும்.

அதே நகரில் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மாலிக் சிடிபே மாடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை. சித்திரம் வரையத் தெரிந்தவர் என்பதற்காக ஒரு பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் தமது கடையை அலங்கரிக்க அவரை அழைத்தார். அங்கேயே வேலைக்கு நின்று பார்த்துப் பழகினார். தனியே தொழில் தொடங்கியபின் இரவில் சைக்கிளில் கொண்டாட்டங்களுக்குப் போய்ப் படமெடுப்பார், விடியுமுன் கழுவுவார், சிறிய அளவில் அச்சிட்டு இலக்கமிட்டு மட்டையில் ஒட்டி ஸ்ரூடியோ வாசலில் வைப்பார். ஆட்கள் வந்து தங்கள் முகத்தைத் தேடிப் பிடித்து, இலக்கத்தைச் சொல்லிப் பிரதி கேட்பார்கள். கமரா திருத்தும் வேலையும் கைவசம் இருந்தது. கொண்டாட்டம் இல்லாத மாதங்களில் அது கைகொடுத்திருக்கும்.

எமது நிலத்துக்கு வருவோம்

இனி இங்கே ஒரு இளைஞனோ யுவதியோ இத்தொழிலில் இறங்குவதாயின் எதை யோசிக்கவேண்டும்?

முதலில் ஒரு கசப்பான செய்தி. முன்னாளில் சிறு ஸ்ரூடியோக்களின் அன்றாடச் சோறு அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும்தான். இன்று இலங்கையில் அவ்விரண்டையும் உரிய திணைக்களங்களில் பதிவு செய்துகொண்ட ஸ்ரூடியோக்களே எடுக்கலாம். கணினி, இணைய இணைப்பு, குறித்த அளவு வெளிச்சம் எல்லாம் அதற்கு வேண்டும். ஆகையால் முற்றத்தில் துணி கட்டித் தொடங்குபவர் அதை நம்பி இறங்கக்கூடாது. அவருக்கு எஞ்சியிருப்பது மற்றப் பாதி, அதாவது உறவினருக்கு அனுப்பும் படம். அதில் வேலைக்குக் குறைவில்லை. அல்பத்தை இழந்த குடும்பம், வெளிநாட்டிலுள்ள மகனுக்கு முகத்தைக் காட்ட விரும்பும் தாய், தனியாக ஒரு படமும் எடுத்திராத எழுபது வயது ஐயா, முதல் நன்மை எடுக்கும் பிள்ளை, பூப்படைந்த பெண்பிள்ளை, புதுக் கலியாணச் சோடி. வெளிநாட்டில் எவரிடமாவது எஞ்சியிருக்கும் பழைய படத்தின் பிரதியை எடுப்பித்து, கீறலை நீக்கி, குடும்பத்தின் எல்லாக் கிளைகளுக்கும் அச்சிட்டுக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியான வெயிலில் ஆளை நிறுத்தினால் கண்குழியில் கரிய நிழல் விழும், முகம் சுருங்கும். வீட்டுத் தாழ்வாரத்தின் விளிம்பில், வெயில் படாமல், திறந்த வானத்தைப் பார்த்தபடி இருத்தினால் முகம் முழுவதும் மென்மையான வெளிச்சம் பரவும். கெய்ட்டாவுக்கு முற்றத்தில் கிடைத்ததும் இதைப் போன்ற ஒன்றே. ஒரு பக்கம் இருண்டால் அந்தப் பக்கத்தில் ஒருவரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தறப்பாளின் கீழ் எடுக்கவேண்டாம். நீலத் தறப்பாள் மனிதரை நோயாளி போல நீலமாக்கிவிடும். செம்மஞ்சள் நிறம் வேறொரு கோலம் செய்யும். கொட்டிலுக்கு வெளியே இரண்டடி வந்தால் போதும்.

கைத்தொலைபேசியால் எடுப்பவர்கள் ஆளுக்கு மிக அருகில் போகிறார்கள். அப்படிச் செய்தால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்னே ஒடுங்கும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, தேவையானால் படத்தைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். கதிரையில் இருக்கும் முதியவரை நின்றபடி மேலிருந்து எடுப்பது அவரைக் குறுக்கிக் காட்டும். முழங்காலில் இருந்து எடுங்கள். அது பணிவுக்காக மட்டுமல்ல, கமரா கண்மட்டத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக. நிவாரணப் பொருள் வாங்கும் எமது மக்களை எத்தனையோ கமராக்கள் மேலிருந்து எடுத்திருக்கின்றன. அந்தப் படம் ஒன்றாவது அதிலிருந்தவர் கைக்குத் திரும்பி வந்ததா? வந்தவர்கள் எவ்வளவு பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். பொசோவின் வாடிக்கையாளரோ காசு கொடுத்து, தாம் விரும்பியபடி நின்று, படத்தைத் தாமே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கடன் வாங்கிக் கமரா எடுப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். வாராந்தம் தவணை கேட்டு வாசலில் நிற்கும் நுண்கடன் எமது பெண்களைப் படுத்திய பாடு யாவரும் அறிந்தது. படத்தொழிலின் வருமானமோ வாராந்தம் வருவதன்று. பெரும்போக நெல் வீடு வந்தபின் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆட்கள் வருவார்கள், திருவிழாக் காலத்தில் வருவார்கள், மற்ற மாதங்களில் முற்றம் வெறிச்சோடும். கெய்ட்டா தச்சுவேலையைக் கையில் வைத்திருந்ததும், பொசோ மாமனின் நிழலில் தொடங்கியதும் இதனால்தான் அர்த்தமுள்ளவை. தோட்டத்தை விடாமல் இதைச் செய்யுங்கள். படத்துக்குப் பாதிக் காசை முன்னரே வாங்குவதில் வெட்கம் வேண்டாம். அச்சிடும் செலவு உங்கள் கையிலிருந்து போகிறது.

சம்பளத்துக்கு ஆசைப்பட்டுத் தொழிலை விடுவதைப் பற்றியும் கெய்ட்டாவின் வாழ்க்கை ஒன்று சொல்கிறது. மாலி 1960 இல் சுதந்திரம் பெற்றது. சிறிது காலத்தில் அரசாங்கம் அவரைத் தனது படப்பிடிப்பாளராக அழைத்தது. மறுக்கக்கூடிய அழைப்பாக அது இருக்கவில்லை. ஸ்ரூடியோ மூடப்பட்டது. 1977 இல் ஓய்வுபெறும்வரை அரச வேலை பார்த்தார். உலகம் இன்று போற்றும் அவருடைய படங்கள் எல்லாம் அதற்கு முந்திய, முற்றத்து ஆண்டுகளுக்குரியவை.

தெருவில் கிடந்த முகங்கள்

1991 இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் கெய்ட்டா எடுத்த படங்கள், எடுத்தவர் பெயர் தெரியாது என்ற குறிப்புடன் தொங்கின. அதைக் கண்டு பாரிஸிலிருந்து ஒருவர் பமாக்கோவுக்குத் தேடி வந்தபோது, கெய்ட்டா ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களை வைத்திருந்தார். வைத்திருந்தபடியால் 1994 இல் பாரிஸில் அவர் பெயரிலேயே கண்காட்சி நடந்தது. எறிந்திருந்தால் பெயரும் இல்லை, படமும் இல்லை. பமாக்கோவின் ஒரு தலைமுறையின் முகமும் இல்லை.

பொசோவுக்கு நேர்ந்தது வேறு. உலகப் புகழ் வந்தபின்னும் அவர் பாங்கியை விட்டுவிடவில்லை. 2013 இல் அந்நாட்டில் ஆட்சி கவிழ்ந்து இரு தரப்பு ஆயுதக் குழுக்களுக்கிடையே கொலையும் கொள்ளையும் மூண்டன. 2014 இன் தொடக்கத்தில், அவர் ஊரில் இல்லாத வேளையில், வீடு சூறையாடப்பட்டது. விற்கக்கூடியதைக் கொள்ளையர் எடுத்துச் சென்றனர். நெகட்டிவ்களையும் படங்களையும் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவை வெளியே வீசப்பட்டுப் புழுதியில் கிடந்தன. அவ்வழியாக வந்த வெளிநாட்டுச் செய்திப் படப்பிடிப்பாளர்கள் அவை யாருடையவை என்று உணர்ந்து, அயலில் சூறையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே அள்ள முடிந்ததை அள்ளிக் காப்பாற்றினார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. பியாபிராவில் ஐந்து வயதில் ஊரிழந்தவர், ஐம்பது வயது கடந்து மறுபடியும் ஊரிழந்தார்.

அந்த நெகட்டிவ்களில் பெரும்பகுதி புகழ்பெற்ற சுயபடங்கள் அல்ல, பாங்கி நகரத்துச் சாதாரண மனிதர்களின் முகங்கள் என்று நாம் எண்ண இடமுண்டு. நாற்பது ஆண்டுக்காலம் அவர் முன்னே வந்து அமர்ந்தவர்கள் அவர்களே. படப்பிடிப்பாளரின் வீடு கொள்ளை போகும்போது ஊரே தனது அல்பத்தை இழக்கிறது. எமது நகரங்களிலும் எரிந்த ஸ்ரூடியோக்களோடு எத்தனை ஊர்களின் நெகட்டிவ்கள் எரிந்தன என்பதற்கு எவரும் கணக்கெடுக்கவில்லை.

பிலிம் காலத்தில் நெகட்டிவ்களை இரும்புப் பெட்டியில், ஈரமில்லாமல், எலி புகாமல் வைப்பதே செய்யக்கூடியதாக இருந்தது. அவை ஒரே ஓரிடத்தில் மட்டும் இருக்கும். இன்று நிலைமை இலகு. எடுத்த படங்களை ஒரு சேமிப்புத் தட்டில் வீட்டிலும், மற்றொரு பிரதியை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வைத்தால் இரண்டும் ஒருங்கே அழிய வாய்ப்புக் குறைவு. ஆண்டுக்கொருமுறை இரண்டையும் திறந்து பார்த்து, பழுதாகுமுன் புதிய தட்டுக்கு மாற்றவேண்டும். கைத்தொலைபேசிக்குள் மட்டும் வைத்திருக்கும் படம், அந்தத் தொலைபேசி கிணற்றில் விழும்வரைதான்.

கூடவே ஒரு அப்பியாசக் கொப்பி வைத்துக்கொள்ளவேண்டும். திகதி, பெயர், தகப்பன் பெயர், இப்போது இருக்கும் இடம், சொந்த ஊர், படத்தின் இலக்கம் என்பன ஒரு வரியில் அடங்கும். சொந்த ஊரை எழுத மறக்கவேண்டாம்; முகாமின் பெயர் பத்து ஆண்டுகளில் எவருக்கும் நினைவிருக்காது. அச்சிட்ட படத்திலும் இதைக் குறித்துக் கொடுக்கலாம். பேனையால் பின்புறத்தில் எழுதினால் மை ஊறி முன்பக்கத்தைக் கெடுக்கும்; இன்றைய வழுவழுப்பான தாளில் பென்சிலும் பிடிக்காது. சிறு கடதாசித் துண்டொன்றில் எழுதி, படத்துடன் ஒரே உறையில் இட்டு, காணி உறுதி வைத்திருக்கும் பைக்குள் வைக்கும்படி சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.